நகராட்சித் திடல் பிளேகிரவுண்டா, பிட்ச்சா, ஸ்டேடியமா?

நீங்கள் கேட்டது இது. உங்கள் ஊர் நகராட்சித் திடலை, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைந்து 'பிளேகிரவுண்ட்' என்று குறித்தீர்கள். ஒருவர் வந்து 'ஸ்டேடியம்' என்று மாற்றினார், அடுத்த வாரம் இன்னொருவர் 'பார்க்' ஆக்கிவிட்டார். மண் தரை, ஒரு பக்கம் ஐந்து படி கேலரி, நடுவில் கிரிக்கெட்டும் கால்பந்தும், ஓரத்தில் ஒரு வாலிபால் கோர்ட், மூலையில் ஊஞ்சல், சறுக்குமரம். எது சரி, எல்லாரும் ஒத்துக்கொண்ட பட்டியல் ஒன்று கிடையாதா என்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன. ஒன்று, இந்தத் திடலுக்கு எந்தக் குறிச்சொல். மற்றது, கருத்து வேறுபட்டால் யார் முடிவு செய்வது. முதலாவதற்குப் பெரும்பாலும் தெளிவான விடை உண்டு. இரண்டாவதற்கு நடைமுறை உண்டு, நீதிமன்றம் இல்லை. கீழே குறிச்சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். வரைபடத்தைத் திருத்தும் மென்பொருளான எடிட்டரில் அவை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இரண்டு சொல்லாக இருந்தால் நடுவே அடிக்கோட்டுடன் போகும்.

முதலில் சண்டை எங்கே தொடங்குகிறது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் உங்கள் மூவரில் யாரும் விஷமம் செய்யவில்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004இல் இங்கிலாந்தில் தொடங்கியது. அதன் குறிச்சொற்கள் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் உள்ளன. நாம் பேசும் ஆங்கிலம் வேறு. நம் ஊரில் 'ஸ்கூல் பிளேகிரவுண்ட்' என்றால் பையன்கள் கால்பந்து ஆடும் பெரிய மைதானம். வரைபடத்தில் பிளேகிரவுண்ட் என்றால் ஊஞ்சலும் சறுக்குமரமும் உள்ள குழந்தைகள் விளையாடுமிடம், அவ்வளவுதான். அதேபோல் 'பிட்ச்' என்றதும் நமக்கு 22 கஜ நீளமுள்ள அந்தப் பட்டைதான் கண்ணில் தெரியும். வரைபடத்தில் பிட்ச் என்பது எந்த விளையாட்டுக்கானாலும் முழு ஆடுகளம். கிரிக்கெட் என்றால் பவுண்டரிக் கோடு வரை உள்ள பரப்பு. 'ஸ்டேடியம்' என்று நகராட்சி போர்டு வைத்திருக்கும் இடம் பல ஊர்களில் சுற்றுச்சுவர் கட்டிய மைதானம்தான். தமிழில் 'விளையாட்டு மைதானம்' என்று ஒரே பெயரில் நாம் சொல்வது அங்கே நாலைந்தாகப் பிரிகிறது. சொல்லை மொழிபெயர்த்துத் தேடினால் தவறான பெட்டியில்தான் போய் விழுவோம்.

அதனால் சொல்லை விட்டுவிட்டு மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இந்த இடத்தின் உருவம் என்ன? அங்கே என்ன ஆடுகிறார்கள்? யார் உள்ளே போகலாம்? குறிச்சொல் ஒவ்வொன்றும் சாவி, மதிப்பு என்ற இரண்டு பகுதி கொண்டது, லெஷர் என்ற சாவியில் பிட்ச் என்ற மதிப்பு என்பதுபோல. உருவத்துக்கு 'லெஷர்' சாவி, ஆட்டத்துக்கு 'ஸ்போர்ட்' சாவி, அனுமதிக்கு 'ஆக்சஸ்' சாவி. வகைப்படுத்துவதில் வரும் தகராறுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் ஒரே சொல்லில் அடைக்கப் பார்ப்பதால் வருபவை. "இது அரசு இடம், அதனால் பார்க்", "இங்கே மாவட்டப் போட்டி நடக்கும், அதனால் ஸ்டேடியம்" என்பவை எல்லாம் அந்த ரகம்.

உருவத்தில் மிகச் சிறியது பிட்ச். ஒரு குறிப்பிட்ட விளையாட்டுக்கென்று ஒதுக்கிய ஒற்றைக் களம். கோடு போட்டிருக்கலாம், அல்லது கம்பமும் வலையும் பார்த்தால் தெரியலாம். ஒரு வாலிபால் கோர்ட் ஒரு பிட்ச். பக்கத்தில் இன்னொன்று இருந்தால் அது இரண்டாவது பிட்ச், இரண்டையும் சேர்த்து ஒரே கட்டமாக வரையக்கூடாது. வரைந்த பிறகு அளவைச் சரிபார்ப்பது நல்ல பழக்கம். வாலிபால் 18க்கு 9 மீட்டர், ஆண்கள் கபடி 13க்கு 10, பெண்கள் கபடி 12க்கு 8, கூடைப்பந்து 28க்கு 15, பாட்மின்டன் 13.4க்கு 6.1. முழுக் கால்பந்துக் களம் பெரும்பாலும் 105க்கு 68, ஹாக்கி 91.4க்கு 55. நீங்கள் வரைந்த வாலிபால் கோர்ட் 40 மீட்டர் நீளம் வந்தால் தவறு உங்கள் கோட்டில் இருக்கிறது, அல்லது அது வாலிபால் கோர்ட் இல்லை. செயற்கைக்கோள் படமும் சில மீட்டர் தள்ளி இருப்பது உண்டு. வரையும் முன் பழைய ஜிபிஎஸ் தடங்களோடு படத்தை ஒட்டிப்பார்த்து நகர்த்திக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அளவு சரியாக இருந்தும் கோர்ட் பக்கத்துச் சாலைமேல் போய் உட்காரும்.

ஸ்டேடியம் என்பது பார்வையாளருக்காகக் கட்டியது, அடுக்கடுக்கான இருக்கைகளே அதற்கு அடையாளம். சேப்பாக்கம் எம்.ஏ.சிதம்பரம் மைதானத்தில் யாருக்கும் சந்தேகம் வராது. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஹாக்கி அரங்கம், யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கு இவையும் ஸ்டேடியம்தான். இங்கே பலர் சறுக்குவது ஒரே கோட்டில் எல்லாவற்றையும் குறிப்பதில். சென்னை நேரு விளையாட்டரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெளி எல்லைக்கு லெஷர் ஸ்டேடியம், பெயர் அதில் மட்டும். உள்ளே ஓடுபாதைக்குத் தனியாக லெஷர் டிராக். அதற்குள் கால்பந்துக் களத்துக்கு லெஷர் பிட்ச், ஸ்போர்ட் சாக்கர். கூரையும் சுவரும் உள்ள கட்டடப் பகுதிக்கு மட்டும் பில்டிங் சாவி. திறந்த புல்வெளியையும் சேர்த்து முழு வளாகத்துக்கும் பில்டிங் என்று போட்டுவிட்டால், முப்பரிமாணப் படத்தில் ஆடுகளத்தின் மேல் கூரை எழும்பி நிற்கும். பக்கத்தில் உள்ள உள்ளரங்கம் தனிக் கட்டடம், தனிப் பொருள். ஒரு நிஜப் பொருளுக்கு வரைபடத்தில் ஒரே ஒரு உருப்படி என்ற விதி மீறக்கூடாதது. எல்லைக்கோட்டில் ஸ்டேடியம் இருக்கும்போது நடுவில் ஒரு புள்ளி வைத்து அதிலும் ஸ்டேடியம் என்று எழுதினால் தேடுபவருக்கு இரண்டு ஸ்டேடியம் கிடைக்கும்.

டிராக் பற்றி இரண்டு எச்சரிக்கை. லெஷர் சாவியில் வரும் டிராக் ஓட்டத்துக்கும் சைக்கிளுக்கும் உரியது. ஹைவே சாவியில் வரும் டிராக் வயலுக்கும் காட்டுக்கும் போகும் வண்டிப்பாதை. மோட்டார் பந்தயத்துக்கு ஹைவே ரேஸ்வே. மூன்றும் கலந்து கிடக்கும் ஊர்கள் உண்டு. அடுத்தது வடிவம். எட்டு வழித்தடம் கொண்ட 400 மீட்டர் ஓடுபாதை வெளிவிளிம்பில் சுமார் 177 மீட்டர் நீளம், 92 மீட்டர் அகலம் வரும், ஒவ்வொரு தடமும் 1.22 மீட்டர். பாதை வளையத்தைச் சரியாகக் காட்ட வெளி நீள்வட்டம், உள் நீள்வட்டம் இரண்டையும் வரைந்து, நடுவில் ஓட்டை உள்ள பரப்பைக் காட்டும் மல்டிபாலிகன் உறவில் சேர்க்க வேண்டும். அது சிரமமாக இருந்தால் பாதையின் நடுக்கோட்டை மூடிய கோடாக வரையுங்கள், அதுவும் ஏற்கத்தக்கதே. ஆனால் முழு நீள்வட்டத்தையும் நிரப்பி டிராக் என்றால் நடுவிலுள்ள புல்வெளியும் ஓடுபாதையாகிவிடும். உள்வட்டத்தின் அகலம் 73 மீட்டர் என்பதால் 68 மீட்டர் அகலக் கால்பந்துக் களம் உள்ளே நெருக்கமாகப் பொருந்தும். உங்கள் கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால் ஏதோ ஒன்று தவறு.

பல களங்கள், உடை மாற்றும் அறை, அலுவலகம் என்று ஒரே நிர்வாகத்தில் ஓர் எல்லைக்குள் இருந்தால் அது ஸ்போர்ட்ஸ் சென்டர். எல்லைக்கு அந்தக் குறிச்சொல்லும் பெயரும், உள்ளே ஒவ்வொரு களத்துக்கும் பெயரில்லாத பிட்ச். ஒரே கூடம் மட்டும் என்றால் ஸ்போர்ட்ஸ் ஹால். உடற்பயிற்சிக் கூடம் ஃபிட்னஸ் சென்டர், பூங்காவில் இரும்புக் கருவிகள் நட்டிருக்கும் 'ஓப்பன் ஜிம்' ஃபிட்னஸ் ஸ்டேஷன். 'ஜிம்' என்ற பழைய மதிப்பு கைவிடப்பட்டது. பளு தூக்கும் இடத்தையும் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிலும் கூடத்தையும் அது குழப்பியது. நீச்சலில் ஸ்விம்மிங் பூல் என்பது தண்ணீர் நிற்கும் தொட்டி மட்டும். வேளச்சேரி நீச்சல் வளாகம் போன்ற இடத்தில் வளாகத்துக்கு ஸ்போர்ட்ஸ் சென்டர், உள்ளே ஒவ்வொரு குளத்துக்கும் ஸ்விம்மிங் பூல்.

ஸ்போர்ட் சாவிக்கு வருவோம். கால்பந்துக்கு 'சாக்கர்' என்றே எழுத வேண்டும். பிரிட்டிஷ் ஆங்கிலம் பேசும் திட்டத்தில் அமெரிக்கச் சொல் ஏன் என்று பலர் முகம் சுளிப்பதுண்டு. அது இங்கிலாந்திலேயே 'அசோசியேஷன்' என்பதைச் சுருக்கிப் பிறந்த சொல்தான் என்பது ஒருபுறம் இருக்க, காரணம் நடைமுறை சார்ந்தது: 'ஃபுட்பால்' என்றால் அமெரிக்காவில் ஒன்று, ஆஸ்திரேலியாவில் ஒன்று, அயர்லாந்தில் வேறொன்று. ஹாக்கியும் அப்படியே, ஃபீல்ட் ஹாக்கி, ஐஸ் ஹாக்கி என்று பிரித்தெழுத வேண்டும். கபடிக்குத் தனி மதிப்பு இருக்கிறது. கிரிக்கெட் வலைப்பயிற்சிக் கூண்டுக்கு 'கிரிக்கெட் நெட்ஸ்' உண்டு, அதை முழு மைதானமாகக் காட்ட வேண்டாம். ஒரே களத்தில் இரண்டு மூன்று ஆட்டம் என்றால் அரைப்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் அடுத்தடுத்து எழுதுங்கள். 'மல்டி' என்ற மதிப்பைத் தவிர்ப்பது நல்லது. கபடிக் களம் எங்கே என்று தேடுபவருக்கு அது எதுவும் சொல்லாது. அதற்காக ஒருநாள் யாரோ பட்டம் விட்டதைப் பார்த்து அதையும் சேர்க்க வேண்டியதில்லை. கம்பம், கோடு, வலை, வழக்கமான ஆட்டம் இவற்றில் ஏதாவது ஒன்று அங்கே போய்ப் பார்ப்பவர் கண்ணில் பட வேண்டும்.

ஜல்லிக்கட்டு இந்தப் பட்டியலில் வழுக்கும் இடம். அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட அரங்கம் நிரந்தரக் கட்டுமானம், கேலரியோடு இருக்கிறது. உருவத்தில் ஸ்டேடியம், அதில் ஐயமில்லை. ஆட்டத்தின் பெயர்தான் பிரச்சினை. ஸ்பெயின் பாணி காளைச் சண்டைக்கு உரிய மதிப்பை இங்கே ஒட்டுவது தவறு, இரண்டும் வேறு. நம் சொல்லையே ஆங்கில எழுத்தில் இட்டு, அதை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் விளக்கப் பக்கங்களான விக்கியில் விளக்கி எழுதுவதுதான் முறையான வழி என்பது என் கருத்து. புதிய மதிப்பை உருவாக்க யாரிடமும் முன் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஊர் வாடிவாசலைச் சுற்றிப் பொங்கலுக்கு மட்டும் கட்டி அவிழ்க்கும் சவுக்குக் கம்பு கேலரிகளை வரையவே கூடாது. சில நாள் நிற்பவை வரைபடத்துக்கு உரியவை அல்ல.

இப்போது எல்லா நகரத்திலும் முளைத்திருக்கும் 'டர்ஃப்' பற்றி. வலை அடைத்த, மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் செயற்கைப் புல் களம். அதுவும் பிட்ச்தான். சர்ஃபேஸ் சாவியில் ஆர்ட்டிஃபிஷியல் டர்ஃப், விளக்கு இருப்பதைக் காட்ட லிட் சாவியில் யெஸ், ஃபீ சாவியில் யெஸ், ஆக்சஸ் சாவியில் கஸ்டமர்ஸ். இரண்டு மூன்று களங்கள் ஒரே வாசலுக்குள் இருந்தால் வெளியே ஒரு ஸ்போர்ட்ஸ் சென்டர் எல்லை. பள்ளி மைதானத்தில் பள்ளி வளாகத்துக்குள் பிட்ச் வரைந்து ஆக்சஸ் பிரைவேட் என்று சேர்க்காவிட்டால், பொது மைதானம் என்று நினைத்து யாராவது பூட்டிய கேட்டின் முன் போய் நிற்பார்கள். நேம் கட்டத்தில் 'கிரிக்கெட் கிரவுண்ட்' என்று எழுதுவதும் வேண்டாம், அது பெயர் இல்லை, விவரிப்பு. பெயர்ப்பலகையில் தமிழில் இருப்பதைத் தமிழுக்கான தனிச் சாவியில் அப்படியே எழுதுங்கள். கூகுள் வரைபடத்தைப் பார்த்துப் பெயரை எழுதுவது உரிமைச் சிக்கல், செய்யக்கூடாது.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் நிலைத்தவை. நிலைக்காதவையும் உண்டு. எத்தனை படி இருந்தால் ஸ்டேடியம் என்பதற்கு எண் எதுவும் விதிக்கப்படவில்லை. என் அளவுகோல் இது: மைதானம் இல்லாமல் கேலரியை நினைத்துப் பார்க்க முடியுமா என்று கேட்காதீர்கள், கேலரி இல்லாவிட்டால் இந்த இடத்தின் வேலை கெடுமா என்று கேளுங்கள். ஒரு பக்கத்தில் ஐந்து படி இடிந்தாலும் உங்கள் திடல் திடலாகத்தான் இருக்கும். அந்தப் படிகளுக்கு லெஷர் பிளீச்சர்ஸ் என்ற தனிக் குறிச்சொல் இருக்கிறது. 'ரெக்ரியேஷன் கிரவுண்ட்' இன்னும் சிக்கலானது. பொது ஆட்டத்துக்கும் பொழுதுபோக்குக்கும் விட்ட திறந்தவெளிக்கு லேண்ட்யூஸ் சாவியில் அந்த மதிப்பு நெடுநாளாக இருக்கிறது. அது நிலப் பயன்பாடு ஆகாது, லெஷர் சாவிக்குத்தான் போக வேண்டும் என்று ஒரு சாரார் வாதிடுகிறார்கள். இரண்டும் புழக்கத்தில் இருப்பதால் பழைய முறையைத் தொடர்வதே இப்போதைக்குப் பாதுகாப்பு. பெரிய திடல்களில் கிரிக்கெட் களங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிவதும் தீராத சிக்கல். மும்பை ஆசாத் மைதானில் ஒரு அணியின் மிட்விக்கெட் இன்னொரு அணியின் ஸ்லிப்பாக இருக்கும். அங்கே பவுண்டரிகளை ஊகித்து வட்டம் வட்டமாக வரைவதைவிட, மொத்தத் திடலையும் ஒரே பரப்பாகக் காட்டிக் கிரிக்கெட் என்று குறிப்பது மேல்.

இனி யார் முடிவு செய்வது. எந்தக் குறிச்சொல்லையும் பயன்படுத்தலாம் என்பதுதான் அடிப்படை விதி. ஆனால் மூன்று இடங்களுக்குக் கனம் உண்டு. விக்கியில் உள்ள விளக்கம், டேக்இன்ஃபோ தளத்தில் தெரியும் பயன்பாட்டு எண்ணிக்கை, எடிட்டர்களில் வரும் ஆயத்தத் தேர்வுகள். மூன்றும் ஒன்றையே சொன்னால் அதை மாற்றப் போராடுவது வீண். எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள், வெளித் தரவை மொத்தமாகக் கொண்டுவரும் ஒரே இறக்குமதியில் ஆயிரக்கணக்கில் ஏறியிருக்கலாம். ஆயத்தத் தேர்வும் அப்படியே, எடிட்டர் முதலில் காட்டுவதை எல்லாரும் சொடுக்குவதால் பெருகியிருக்கலாம். புதிய குறிச்சொல்லை முறையாக முன்மொழிய விரும்பினால் விக்கியில் வரைவு எழுதி, குறைந்தது இரண்டு வாரம் கருத்துக் கேட்டு, பிறகு குறைந்தது இரண்டு வாரம் வாக்கெடுப்பு. எட்டு ஆதரவு வாக்கும் 75 விழுக்காடும் வேண்டும். அப்படி நிறைவேறினாலும் அது பரிந்துரைதான், யாரையும் கட்டுப்படுத்தாது.

உங்கள் வழக்கில் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. திடலின் திருத்த வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து, மாற்றிய இருவரின் சேஞ்ச்செட்டுகளிலும், அதாவது அவர்கள் சேமித்த திருத்தத் தொகுப்புகளிலும், ஒரு கேள்வி எழுதுங்கள்: "இதை ஸ்டேடியம் என்று கருதிய காரணம் என்ன?" குற்றச்சாட்டாக வேண்டாம். ஒரு வாரம் காத்திருங்கள். பதில் வராவிட்டால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் இந்திய சமூக மன்றத்தில் இணைப்போடு கேட்டு, பிறகு மாற்றுங்கள். 'பார்க்' என்று மாற்றியவர் வேறு ஊர்க் கணக்காக இருந்து, ஒரே நாளில் பத்துப் பூங்கா வரைந்திருந்தால் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 2017 டிசம்பரில் போக்கிமான் கோ விளையாட்டு இந்த வரைபடத் தரவுக்கு மாறியபின், ஆட்டத்தில் ஆதாயம் தேடியவர்களால் இல்லாத பூங்காக்கள் பல நாடுகளில் முளைத்தன. மாற்றி மாற்றித் திருத்தும் சண்டை நீண்டால் மட்டும் திட்டத்தின் தகராறுகளைக் கவனிக்கும் டேட்டா வொர்க்கிங் குரூப்பிடம் போகலாம். அவர்கள் எது சரி என்று தீர்ப்பதைவிடச் சண்டையை நிறுத்துவதைத்தான் செய்வார்கள்.

மாவட்டம் முழுக்க இதே பிழை இருக்கும் என்று நினைத்தால், ஜோசம் எடிட்டரில் பிளேகிரவுண்ட் என்று குறித்தவற்றில் 3000 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ளதைத் தேடுங்கள். குழந்தைகள் விளையாடுமிடம் அவ்வளவு பெரிதாக இருப்பது அரிது. கிடைப்பதை ஒவ்வொன்றாகப் படத்தில் பார்த்துத் திருத்த வேண்டும். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே சொடுக்கில் பிட்ச் ஆக்குவது இயந்திரத் திருத்தம் எனப்படும், முன்கூட்டியே சமூகத்தில் பேசாமல் செய்தால் அப்படியே திருப்பிவிடுவார்கள்.

உங்கள் திடலுக்கு நான் வைப்பது இப்படி. வெளி எல்லைக்கு லேண்ட்யூஸ் ரெக்ரியேஷன் கிரவுண்ட், நகராட்சிப் பலகையில் உள்ள பெயர், ஆபரேட்டர் சாவியில் நகராட்சி. நடுப்பரப்புக்கு லெஷர் பிட்ச், ஸ்போர்ட்டில் கிரிக்கெட்டும் சாக்கரும் அரைப்புள்ளியோடு, சர்ஃபேஸ் டர்ட். வாலிபால் கோர்ட்டுக்குத் தனி பிட்ச். படிகளுக்கு பிளீச்சர்ஸ். நீங்கள் முதலில் போட்ட பிளேகிரவுண்ட் வீணாகவில்லை, அதை ஊஞ்சலும் சறுக்குமரமும் உள்ள மூலைக்குச் சுருக்கிக்கொள்ளுங்கள். சேஞ்ச்செட் குறிப்பில் "சில திருத்தங்கள்" என்று மட்டும் எழுதாமல், எதை ஏன் பிரித்தீர்கள் என்பதையும் கலந்து பேசிய இழையின் இணைப்பையும் போடுங்கள். மொத்தம் 255 எழுத்துக்குள் அடங்க வேண்டும்.